திராட்சையும் ஒயினும்: கேள்வி பதில்

கேள்வி: கொடி பச்சைப்பசேலென்று படர்கிறது, குலைதான் இல்லை. உரம் போதவில்லையா?

பதில்: கூடிப்போயிருக்கும். தழைச்சத்தை (நைட்ரஜன் உரத்தை) அள்ளிப் போட்டால் கொடி இலையாகவே கொழுக்கும். அப்புறம், கவாத்து செய்தீர்களா, அதாவது கிளைகளை வெட்டிவிட்டீர்களா? போன பருவத்துக் கிளையின் மொட்டிலிருந்து வரும் தளிரில்தான் குலை பிடிக்கும். பழைய கட்டையிலிருந்து கிளம்புவது பெரும்பாலும் காய்க்காது. அடுத்த பருவத்துக் குலையின் கரு இந்தப் பருவமே மொட்டுக்குள் உருவாகிவிடும். அப்போது வெயில் படாத மொட்டு அடுத்த முறையும் ஏமாற்றும். இலையைக் கொஞ்சம் விலக்கி வெளிச்சம் விடுங்கள்.

கேள்வி: இலைக்கு அடியில் வெள்ளைப் பூஞ்சை. கந்தகம் தூவியும் கேட்கவில்லை.

பதில்: கேட்காது. அது அடிச்சாம்பல் நோய். கந்தகத்துக்குப் பணிவது சாம்பல் நோய். பெயர்தான் ஒன்றுபோல, ஆள் வேறு. அடிச்சாம்பலுக்குத் தாமிரம் வேண்டும். பிரான்சின் போர்டோ பகுதியில் வழிப்போக்கர்கள் பழம் பறிப்பதைத் தடுக்க, சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் (தாமிர உப்பு) சுண்ணாம்பும் தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகள் மட்டும் இலை உதிராமல் நின்றதை மில்லார்டே என்ற தாவரவியலாளர் கவனித்தார். 1885-ல் போர்டோ கலவை பிறந்தது. நோய் வந்த பிறகு அடித்துப் பயனில்லை, வருமுன் அடிக்க வேண்டும்.

கேள்வி: கறுப்புத் திராட்சையில் வெள்ளை ஒயின் வருமா?

பதில்: வரும். நிறம் தோலில் இருக்கிறது. உடனே பிழிந்து தோலை நீக்கிவிடுங்கள்.

கேள்வி: சர்க்கரை எவ்வளவு போடலாம்?

பதில்: ஒரு லிட்டரில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீத ஆல்கஹால் வரும். சாற்றில் ஏற்கெனவே இருப்பதை அளந்துவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: ஜாடியைக் காற்றுப் புகாமல் இறுக்கி மூடிவிட்டேன். சரிதானே?

பதில்: முதலில் போய்த் திறந்துவிட்டு வாருங்கள். 200 கிராம் சர்க்கரை முழுக்க நொதித்தால் ஏறக்குறைய 50 லிட்டர் கரியமில வாயு வரும். ஜாடி வெடிக்கும்.

கேள்வி: பொட்டல ஈஸ்ட் எதற்கு? பழத்தின் மேல் உள்ள வெள்ளைப் படலமே ஈஸ்ட்தானே?

பதில்: இல்லை, அது மெழுகு. தோலில் ஈஸ்ட் உண்டு, ஆனால் பெரும்பாலும் ஆல்கஹால் நாலைந்து சதவீதத்தைத் தாண்டினால் சோர்ந்துவிடும் வகைகள். நொதிப்பைக் கடைசிவரை இழுக்கும் சாக்கரோமைசிஸ் என்ற ஈஸ்ட் வகை அங்கே மிக அரிது.

கேள்வி: நான் பல வருடமாக ஈஸ்ட் போடாமலே செய்கிறேன். நன்றாகத்தான் வருகிறது!

பதில்: அதே மரத்தொட்டியிலா? அப்படியானால் ஈஸ்ட் தொட்டியில் குடியிருக்கிறது. நன்றாகக் கழுவிய புதுக் கண்ணாடி ஜாடியில் ஒருமுறை செய்து பாருங்கள்.

கேள்வி: அப்போது காட்டு ஈஸ்ட் தண்டமா?

பதில்: அப்படிச் சொல்லவில்லையே. தொடக்கத்தில் அவை தரும் மணத்துக்காகவே பொட்டலத்தைத் தொடாத தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தினமும் முகர்ந்து, அளந்து பார்ப்பவர்கள். நொதிப்பு பாதியில் நின்றாலோ, நகப்பூச்சு வாசம் அடித்தாலோ என்ன செய்வதென்று தெரிந்தால் நீங்களும் இறங்குங்கள்.

கேள்வி: ஒயின் இதயத்துக்கு நல்லதா?

பதில்: மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எத்தனை கிலோ சர்க்கரை போட வேண்டும்?

பதில்: மேலே இருக்கிறது. படியுங்கள்.

கேள்வி: மூடாவிட்டால் ஈ மொய்க்கிறது. மூடியை இறுக்கலாமா?

பதில்: மறுபடியுமா! மூடியில் துளையிட்டுக் குழாய் சொருகி, சுற்றிலும் கசியாமல் அடையுங்கள். மறுமுனை ஒரு குவளைத் தண்ணீரில் இருக்கட்டும். வாயு குமிழியிட்டு வெளியேறும், ஈ உள்ளே வராது.