இஸ்ரேல் போய்வந்தால் வளைகுடா வேலைக்குச் சிக்கல் வருமா?

"அம்மாவை எருசலேம் கூட்டிப்போக ஆசை, ஆனால் பாஸ்போர்ட்டில் இஸ்ரேல் முத்திரை விழுந்தால் வளைகுடாவில் வேலை கிடைக்காது என்கிறார்கள், உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்கு முயற்சி பண்ணிக்கொண்டிருக்கிற பிள்ளையாகத்தான் இருப்பீர்கள், அதனால் தம்பி என்றே கூப்பிடுகிறேன். இதே பயம் எனக்கும் இருந்தது, பயந்ததில் பாதி நடக்கவும் செய்தது.

முதலில் ஒன்று. 2013லிருந்து இஸ்ரேல்காரர்கள் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. உள்ளே போகும்போது ஒரு நீலச் சீட்டு, வெளியே வரும்போது ஒரு இளஞ்சிவப்புச் சீட்டு, அவ்வளவுதான். உங்கள் டூர்க்காரரும் இதைத்தான் சொல்வார். எனக்கும் சொன்னார். ஆனால் பக்கத்து நாட்டுக்காரன் குத்துவான் என்பதை அவர் சொல்லவில்லை.

நான் அப்போது குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். 2018இல் லீவுக்கு ஊருக்கு வந்தபோது அம்மாவை ஒரு குழுவோடு அழைத்துப்போனேன். எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். மிஷனரிகள் வைத்த பெயர். அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே அசல் நாசரேத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. யோர்தான் தலைநகர் அம்மான் விமான நிலையத்தில் இறங்கி, நேபோ மலை பார்த்துவிட்டு, யோர்தானிலிருந்து இஸ்ரேல் கட்டுப்பாட்டுக்குள் போகும் எல்லையான ஆலன்பி பாலம் வழியாக உள்ளே போனோம். அந்தப் பாலத்தில் யோர்தான்காரர்களும் பாஸ்போர்ட்டில் குத்த மாட்டார்கள், தனித்தாள்தான். குழுவுக்கு விசாவும் தனித்தாளில் வந்திருந்தது. அதுவரை எல்லாம் சரி.

பாலத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் அதிகாரி என் குவைத் இகாமா, அதாவது தங்கும் அனுமதி, இருந்த பக்கத்தைப் பார்த்தாள். அப்புறம் பிறந்த ஊர் பக்கத்தைப் பார்த்தாள். 'நாசரேத்' என்று இருக்கிறது. குவைத்தில் வேலை, பிறந்தது நாசரேத், பெயரோ தமிழ்ப் பெயர். உள்ளே போய் இன்னொரு அதிகாரியைக் கூட்டிவந்தாள். குவைத்தில் யாரோடு தங்குகிறாய், முதலாளி யார், அப்பா பெயர் என்ன, தாத்தா பெயர் என்ன என்று இரண்டு மணி நேரம் கேள்விதான். இந்தியாவிலும் ஒரு நாசரேத் இருக்கிறது என்பதைப் போனில் வரைபடம் எடுத்துக் காட்டித்தான் நம்பவைத்தேன். அம்மா அந்தப் பக்கம் கம்பிக்கு வெளியே நின்று ஜெபம் பண்ணிக்கொண்டே இருந்தார்கள். அரபு நாட்டு முத்திரை இருந்தால் இஸ்ரேலில் விடமாட்டார்கள் என்பது சரியில்லை, விடுவார்கள், ஆனால் துருவுவார்கள்.

எருசலேம், பெத்லகேம், கலிலேயா எல்லாம் பார்த்தோம், அதைப் பற்றி எழுத இது இடமில்லை. எட்டாவது நாள் இஸ்ரேலின் தென்கோடி ஊரான எய்லாத் வழியாக எகிப்துக்குள் நுழைந்தோம். சீனாய் மலைக்குப் போக எங்கள் குழு அந்த வழியைத்தான் எடுத்தது. அந்த எல்லையின் பெயர் தாபா. வரிசையில் நின்றபோதே பார்த்துவிட்டேன், அதிகாரி ஒவ்வொரு பாஸ்போர்ட்டாக விரித்துக் குத்திக்கொண்டிருக்கிறார். என் முறை வந்ததும் எனக்குத் தெரிந்த கடைத்தெரு அரபியில், தாளில் குத்துங்கள் என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டிக் கெஞ்சினேன். அவர் தாளைத் தள்ளிவிட்டுப் பாஸ்போர்ட்டில் ஓங்கி ஒரு குத்து. மை காயும் முன்னே படித்துப் பார்த்தேன். குவைத்தில் கடைப் பலகைகளைப் பார்த்தே எழுத்துக் கற்றவன் நான். தா, அலிஃப், பா, அலிஃப். தாபா. அந்த எல்லையில் எகிப்துக்குள் நுழைந்ததாக முத்திரை இருந்தால் அவன் இஸ்ரேலிலிருந்துதான் வந்தான் என்று அர்த்தம், வேறு வழியே கிடையாது.

குவைத் விமான நிலையத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இகாமாவைப் பார்த்தார்கள், விட்டுவிட்டார்கள். குவைத்தில் 1964இலிருந்து இஸ்ரேல் புறக்கணிப்புச் சட்டம் இருக்கிறது, அதனால் அன்று எனக்கு நெஞ்சு அடித்த அடி எனக்குத்தான் தெரியும்.

சிக்கல் அடுத்த வருஷம் வந்தது. கம்பெனிக்குப் பெய்ரூட்டில் ஒரு வேலை, ஆறு மாதம், சம்பளம் ஒன்றரை மடங்கு, என் பெயரைப் போட்டிருந்தார்கள். விசாவுக்கு நகல் எடுக்க எங்கள் மந்தூப், அதாவது விசா, அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் கம்பெனி ஆள், பாஸ்போர்ட்டைப் புரட்டியிருக்கிறார். அவர் எகிப்துக்காரர். என்னைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, "தாபாவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?" என்றார். லெபனானில் 1955இலேயே புறக்கணிப்புச் சட்டம் வந்துவிட்டது, இஸ்ரேல் முத்திரை என்றில்லை, போனதற்கு எந்த அடையாளம் இருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். இதைத் தூதரகத்துக்குக் கொண்டுபோனால் உன் வேலைக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து என்று சொல்லிப் பாஸ்போர்ட்டை மூடிவிட்டார். அந்த மனிதர் வேறு யாரிடமும் சொல்லவில்லை, அதற்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். என் இடத்தில் இன்னொருவர் போனார்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் வேறு. என் பாஸ்போர்ட் ஏன் அவர் கையில் இருந்தது? லீவுக்குப் போகும்போது கொடுப்பார்கள், திரும்பிவந்த அன்றே வாங்கிப் பெட்டியில் பூட்டுவார்கள். குவைத்திலேயே 2007இல் இதற்குத் தடை போட்டாயிற்று. யார் கேட்கிறார்கள்? என் தங்கை கல்யாணத்துக்குக்கூட பாஸ்போர்ட் கேட்டு ஒன்பது நாள் நடந்தேன். நம் ஆட்கள் யாரும் வாய் திறப்பதில்லை, திறந்தால் இகாமா புதுப்பிக்க மாட்டார்கள் என்ற பயம். சரி, இது உங்கள் கேள்வி இல்லை.

"நான் மூன்று தடவை போய்வந்தேன், துபாயில்தான் இருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று கீழே யாராவது எழுதுவார்கள். உண்மைதான், 2020இல் இஸ்ரேலோடு போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அமீரகத்திலும் பஹ்ரைனிலும் இது பிரச்சினையே இல்லை. நான் சொல்வது குவைத், லெபனான், ஈராக், ஈரான் போன்ற நாடுகளைப் பற்றி. இன்னும் சிலர் நீ எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். பெத்லகேமில் இஸ்ரேல் கட்டிய பிரிப்புச் சுவரைத் தாண்டிப் போனவன் நான், அங்கே இருக்கிறவர்களின் கஷ்டத்தைக் கண்ணால் பார்த்தேன். அம்மாவின் ஆசைக்காகப் போனது அரசியல் இல்லை.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடு என்று ஒரு நண்பர் சொன்னார். அதை மட்டும் செய்துவிடாதீர்கள். 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி அது குற்றம், விமான நிலையத்திலேயே பக்கத்தை எண்ணிப் பார்த்துப் பிடிப்பார்கள். பிரிட்டன், அமெரிக்காக்காரர்கள் இரண்டாவது பாஸ்போர்ட் வாங்கிக்கொள்கிறார்கள், நமக்கு அது கிடையாது, ஒன்றுதான். என்னுடையது 2021இல் காலாவதியாகிப் புதிது வந்தபிறகுதான் அந்த முத்திரை என்னைவிட்டுப் போனது. விண்ணப்பத்தில் போனீர்களா என்று கேட்டால் பொய் எழுதாதீர்கள், பொய் பிடிபட்டால் முத்திரையைவிட மோசம்.

அம்மாவைக் கூட்டிப்போங்கள் தம்பி. போர் வந்தபிறகு நிலைமை மாறிக்கொண்டே இருப்பதால் இப்போது குழு போகிறதா என்பதைத் தெரிந்துகொண்டு, பணம் கட்டும் முன்னே டூர்க்காரரிடம் எந்த எல்லையில் நுழைந்து எந்த எல்லையில் வெளியே வருகிறோம் என்று கேளுங்கள். தாபா என்றாலும், எய்லாத்திலிருந்து யோர்தானின் அக்காபா என்றாலும் முத்திரையில் எல்லையின் பெயர் காட்டிக்கொடுக்கும். ஆலன்பி பாலத்தில் போய் அதே பாலத்தில் திரும்புகிற குழுவாகப் பாருங்கள். சீனாய் மலை அப்போது கிடைக்காது, அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எந்த நாட்டு வேலைக்கு முயற்சி செய்கிறீர்கள் என்று எழுதினால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.