தாத்தா பட்ட காயம், பேத்தி படும் பாடு: குடும்ப ஆலோசகரிடம் கேள்வி பதில்

மதுரையில் 22 ஆண்டுகளாகத் தம்பதியரையும் குடும்பங்களையும் சந்தித்துவரும் ஆலோசகன் என்ற முறையில், முந்தைய தலைமுறையின் காயங்கள் இன்றைய மணவாழ்வில் மனக்கசப்பாக வெளிப்படுவது குறித்து வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். மாத்திரை பற்றிய கேள்விகளை மனநல மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): சிறு வாக்குவாதம் வந்தாலும் என் கணவர் நான்கைந்து நாட்கள் பேசமாட்டார். மாமனாரும் அப்படித்தான் இருந்தாராம். அந்த நாட்களில் ஏழு வயது மகளிடம்தான் "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்" என்று சொல்லி அனுப்புவேன். பதினோரு ஆண்டுகள் பொறுத்துவிட்டேன். இப்போது அவராக வந்து பேசினாலும் எரிச்சல்தான் வருகிறது.

பதில்: நீங்கள் போகிறபோக்கில் எழுதிய மகளைப் பற்றிய வரியில்தான் நான் நின்றுவிட்டேன். உங்கள் கணவரின் சிறுவயதை விசாரித்துப் பாருங்கள். அடுப்படிக்கும் திண்ணைக்கும் நடுவே செய்தி சுமந்த பிள்ளையாக அவரும் இருந்திருக்கக்கூடும். இருவருக்கு இடையிலுள்ள பதற்றத்தை மூன்றாமவர் தலையில் இறக்கிவைக்கும் இந்த ஏற்பாட்டை அமெரிக்க மனநல மருத்துவர் மரே போவன் 'முக்கோணம்' என்றார். ஆகவே முதல் வேலை, மகளைத் தூது அனுப்புவதை இன்றோடு நிறுத்துவது. சோறு ஆறினால் ஆறட்டும்.

அடுத்தது அவருடைய மௌனம். வாக்குவாதத்தில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது காதில் ஏறுவதில்லை என்றும், அது தணியக் குறைந்தது 20 நிமிடங்கள் வேண்டும் என்றும் தம்பதியரை ஆராய்ந்த ஜான் காட்மன் சொல்கிறார். எனவே அவர் எழுந்து போவதைக் குற்றமாக்காதீர்கள். எப்போது திரும்பி வந்து பேசுவார் என்று சொல்லாமல் போவதுதான் உங்களை வதைக்கிறது. "இரவு 9 மணிக்குப் பேசுவோம்" என்ற ஒரு வாக்கியத்தை, சண்டையில்லாத நாளில், இருவரும் சேர்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். மாமனார் ஏன் பேச்சை நிறுத்தினார் என்பதையும் கேளுங்கள், ஆனால் முகத்துக்கு நேரே உட்கார்ந்து அல்ல. ஊருக்குப் போகும் பேருந்தில், இருவரும் சன்னலைப் பார்த்தபடி இருக்கும்போது கேட்டால் பல ஆண்கள் வாய் திறப்பார்கள்.

உங்கள் எரிச்சல் நியாயமானது. நம்மூரில் மொய் எழுதியவர் வீட்டுக்கே திருப்பிச் செய்கிறோம். குடும்பக் காயத்திலோ ஒருவர் வைத்த கடனை இன்னொருவரிடம் வசூலிக்கிறோம். ஹங்கேரியில் பிறந்த மனநல மருத்துவர் இவான் பொசொர்மெனி-நாகியின் எழுத்துக்களில் மையமாக இருப்பது இந்தத் தலைமுறைக் கணக்குதான். மாமனார் பாக்கியை உங்கள் கணவர் உங்களிடம் வசூலிக்கிறார். உங்களுடைய பாக்கியை நீங்கள் யாரிடமும் போய் வசூலித்துவிடாமல், பதினோரு ஆண்டுகளில் எது உங்களை அதிகம் புண்படுத்தியதோ அந்த ஒன்றை மட்டும் அவரிடம் நேராகச் சொல்லுங்கள். ஓர் எச்சரிக்கை: வாதத்தின் நடுவே "நீங்கள் அப்படியே உங்கள் அப்பாதான்" என்று சொல்லாதீர்கள்.

கேள்வி (டொராண்டோ வாசகி): அப்பா 1995-இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தவர். இன்றும் கதவருகே கடவுச்சீட்டும் நகையும் உள்ள ஒரு பை இருக்கும். நான் தொலைபேசியை எடுக்கத் தவறினால் கத்துவார். இப்போது நானே என் கணவரிடம் அப்படிக் கத்துகிறேன்.

பதில்: 1995 அக்டோபர் 30 இரவு, போருக்கு அஞ்சி, யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமத்திலிருந்து கிழக்கே தென்மராட்சி நோக்கி இலட்சக்கணக்கானோர் நடந்த நெரிசலில், பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தியவர்தான் பிள்ளையைத் தவறவிடாமல் போய்ச் சேர்ந்திருப்பார். அன்று அந்தக் கத்தலுக்கு வேலை இருந்தது. உங்களுக்கு வந்து சேர்ந்தது அந்தக் கத்தல். அந்த இரவின் கதை வந்து சேரவில்லை என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் மனவடுவைத் தனியாளின் நோயாக மட்டுமன்றி, குடும்பமும் ஊரும் சேர்ந்து பட்ட காயமாகவும் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்திவந்தவர். அப்பாவிடம் அந்தப் பையில் என்னென்ன இருக்கிறது, எதை முதலில் வைத்தார் என்று மட்டும் கேளுங்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்திவிடுங்கள். துருவிக் கேட்பது வைத்தியம் ஆகாது. பிறகு அந்தக் கதையைக் கணவரிடம் சொல்லுங்கள், அடுத்த முறை நீங்கள் கத்துவதற்கு முன்பாகவே.

கேள்வி (கோவை, உயிர்த்தொழில்நுட்ப மாணவர்): அதிர்ச்சி மரபணு வழியாகவே பிள்ளைகளுக்கு வருகிறது என்று நிரூபணமாகிவிட்டதே? நீங்கள் கதை, மௌனம் என்கிறீர்கள்.

பதில்: நிரூபணம் என்பது பெரிய சொல், தம்பி. ரேச்சல் யெஹூதா குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் நாஜி இனப்படுகொலையில் தப்பியோர் 32 பேரும், அவர்களுடைய பிள்ளைகள் 22 பேரும் இருந்தனர். மன அழுத்தத்தோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் மெத்தில் குறிகள் (மரபணுவில் ஒட்டி அதன் வேலையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் வேதிக் குறிகள்) இரு தலைமுறையிலும் மாறியிருந்தன. ஆனால் அப்பிள்ளைகள் அதே பெற்றோரின் மடியில் வளர்ந்தவர்கள். எது உடலில் வந்தது, எது வளர்ப்பில் வந்தது என்று அந்த ஆய்வால் பிரித்துக்காட்ட முடியாது.

அவரே மீண்டும்: அப்படியானால் நெதர்லாந்துப் பஞ்சம்? எலி ஆய்வு?

பதில்: 1944-45 பஞ்சத்தில் கருவிலிருந்த குழந்தைகள் பட்டினியைத் தாமே அனுபவித்தவர்கள், அதைப் பரம்பரை என்று எப்படிச் சொல்வது? எலிகளிடம் ஒரு வாசனை மீதான அச்சம் அடுத்த தலைமுறைகளிலும் தெரிந்தது உண்மைதான். ஆனால் எலிகளுக்குச் சம்பந்தி வீடு கிடையாது. மரபணுவில் இருக்கிறது என்று நம்புகிறவர், நான் என்ன செய்ய முடியும் என்று கைகட்டி உட்கார்ந்துவிடுவதை என் அறையில் பார்த்திருக்கிறேன். என் கவலை அதுதான்.

இடையில் ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவர்: இதைத்தான் நம் முன்னோர் பித்ரு தோஷம் என்றார்கள். இராமேசுவரத்தில் தில ஹோமம் செய்தால் தீரும்.

பதில்: ஐயா, தோஷம் உண்டா இல்லையா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. ஆனால் போகிற வழியில், தாத்தா எப்படி இறந்தார் என்று முதல்முறையாகப் பேசிக்கொண்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். போய்வாருங்கள், பேசிக்கொண்டே போங்கள். மாணவரே, உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதப்போவதில்லை. பாதி நேரம் இதிலேயே கழிந்துவிட்டது.

கேள்வி (சேலம்): மன்னித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. மன்னிப்பு உங்கள் நெஞ்சுக்குள் நடப்பது. மீண்டும் சேர்ந்து வாழ மற்றவரும் மாற வேண்டும்.

கேள்வி (நெல்லை): மன்னிக்க முடியவில்லையே, என்ன செய்வது?

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள். மன்னித்தே ஆக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இதே கேள்வியை அனுப்பிய மற்ற மூவருக்கும் இதுவே பதில்.

கேள்வி (வேலூர்): கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். அவருடைய தந்தையும் என் மாமியாரை அடித்தவராம். அந்தக் காயத்தை நான் எப்படி ஆற்றுவது?

பதில்: ஆற்றுவது உங்கள் வேலை அன்று, சகோதரி. காரணம் புரிந்ததற்காக அடி வலிக்காமல் போய்விடாது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்களுக்குப் பாதுகாப்பும் அந்த வீட்டிலேயே வசிக்கும் உரிமையும் தருகிறது. "உங்கள் அப்பாவைப் போலவே" என்ற வாக்கியத்தை நீங்களும் அவரிடம் சொல்லாதீர்கள். உங்கள் விஷயத்தில் அது ஆபத்து.

தஞ்சாவூர் வாசகி மீண்டும்: 9 மணிக்கு அவர் வராவிட்டால்?

பதில்: போய் எழுப்பாதீர்கள், மகளையும் அனுப்பாதீர்கள். மறுநாள் காலை ஒருமுறை மட்டும், "நேற்றுக் காத்திருந்தேன், இன்று வாருங்கள்" என்று சொல்லுங்கள். மூன்று முறை தவறினால் இருவருமாக ஓர் ஆலோசகரைப் பாருங்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் போனாலும் வேலை தொடங்கும்.