நாலு திருடனுக்கும் ஒரே வாய்

கேள்வி: நான்கு அசட்டுத் திருடர்களை வைத்து ஒரு சித்திரக்கதை வரைந்துகொண்டிருக்கிறேன். முரடன், சோம்பேறி, பயந்தாங்கொள்ளி, முட்டாள் என்று பிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். இருபது பக்கம் முடித்துத் தங்கையிடம் காட்டினால், "நாலு பேரும் ஒரே ஆள் மாதிரி இருக்காங்களே" என்கிறாள். எங்கே கோட்டை விட்டேன்?

பதில்: தங்கையைக் கைவிட்டுவிடாதீர்கள். எனக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. என் முதல் திருடர் தொடரில், பலூன்களுக்குள் வசனத்தை எழுதிச் சேர்ப்பவர் ஒரு பக்கத்தில் இரண்டு வசன பலூன்களை இடம் மாற்றிவிட்டார். தலைவன் பேச வேண்டியதை எடுபிடி பேசினான், எடுபிடியுடையதைத் தலைவன். ஆசிரியர் கவனிக்கவில்லை. ஒரு வாசகர் கடிதம்கூட வரவில்லை. மானக்கேடு என்னவென்றால், கதை எழுதிய நானே பல மாதம் கழித்துப் பழைய இதழைப் புரட்டும்போதுதான் கண்டுபிடித்தேன். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை? யார் வாயில் வைத்தாலும் பொருந்துகிற வசனத்தைத்தானே எழுதிக் கொடுத்திருந்தேன்!

நீங்கள் சொன்ன நான்கும் பட்டப்பெயர்கள். அறிமுகப் பக்கத்தில் படத்துக்குக் கீழே போடலாம், அதற்கு மேல் அவற்றுக்கு வேலை கிடையாது. பயந்தாங்கொள்ளி நடுங்குவான், சரி. நாய் குரைத்தால் முரடனும்தான் நடுங்குவான். அவனுடைய பயத்தால் திருட்டு எப்படிக் கெடுகிறது என்று பாருங்கள். அவனை வாசலில் காவலுக்கு நிறுத்துகிறார்கள். இருட்டில் தனியாக நிற்கப் பயந்து, சத்தமில்லாமல் மற்றவர்கள் பின்னாலேயே உள்ளே வந்துவிடுகிறான். அலமாரி முன்னால் தலைவன் எண்ணிப் பார்க்கிறான்: ஒன்று, இரண்டு, மூன்று... நான்கு? அப்படியானால் வெளியே யார்? இந்த விபத்தை மற்ற மூவரில் யாரும் செய்திருக்க முடியாது. சோம்பேறிக்கும் இதே கணக்குதான்: நடக்க அலுத்துக்கொண்டு, இருப்பதிலேயே பக்கத்து வீடாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறான். அது இன்ஸ்பெக்டர் வீடு.

நான்கில் மோசமானது 'முட்டாள்'தான். இந்த மாதிரிக் கதையில் எல்லாருமே முட்டாள்கள், அதை ஒருவனுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுப்பானேன்? நானாக இருந்தால் அவனைத் தூக்கிவிட்டுக் கர்வம் பிடித்த ஒரு பூட்டுக்காரனைப் போடுவேன். கதவில் சாவி தொங்குகிறது. அதை உருவித் தோட்டத்துப் பக்கம் வீசுகிறான். "சாவி போட்டுத் திறக்கிறதுக்கு நான் எதுக்கு?" அடுத்த மூன்று கட்டமும் கம்பி, வியர்வை, கம்பி. நான்காவதில் கம்பி உடைந்து பூட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. ஆள் கெட்டிக்காரன்தான், அதனால்தான் மாட்டிக்கொள்கிறான்.

லக்கி லூக் என்ற கௌபாய் சித்திரக்கதைகளில் வரும் திருடர்களான டால்டன் சகோதரர்களை நீங்கள் படிக்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். நால்வருக்கும் ஒரே முகம், ஒரே மீசை, உயரம் மட்டும் படிக்கட்டு மாதிரி. குள்ளன் ஜோவுக்கு எந்நேரமும் கோபம், நெட்டை ஆவ்ரெலுக்கு எந்நேரமும் பசி. நடுவில் நிற்கும் வில்லியம், ஜாக் இருவரின் குணத்தைச் சொல்லுங்கள் பார்ப்போம். எனக்கும் வராது. அதை நான் குறையாக நினைக்கவில்லை. ஜோவின் கோபம் ஆவ்ரெல் மேல் பாய வேண்டும், அதைத் தடுத்துப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆகவே நான்கு பேருக்கும் சரிசமமாகக் குணத்தைப் பங்கு போட்டே தீருவேன் என்று நிற்காதீர்கள். உரசிக்கொள்ளும் இரண்டு பேர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நிஜ டால்டன்கள் இதைவிடப் பெரிய அசடுகள். 1892 அக்டோபர் 5 அன்று அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் காஃபிவில் ஊரில், ஒரே நேரத்தில் இரண்டு வங்கிகளைக் கொள்ளையடிக்கப் போனார்கள். தங்களை அறிந்த ஊர் என்பதால் ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டார்கள், அப்படியும் அடையாளம் தெரிந்துவிட்டது. ஒரு வங்கியில், பெட்டகத்தின் நேரப்பூட்டு திறக்க இன்னும் சில நிமிடம் ஆகும் என்று காசாளர் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார். கிராட் டால்டன் அதை நம்பிக் காத்திருந்தான்! அதற்குள் ஊர்க்காரர்கள் துப்பாக்கியோடு கூடிவிட்டார்கள். கும்பலில் வந்த ஐந்து பேரில் எம்மெட் டால்டன் மட்டும் உயிர் பிழைத்தான். முடிவு சிரிப்புக்கு உரியதல்ல. ஆனால் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, எதிராளி சொன்ன நேரத்துக்கு மரியாதை கொடுத்து நிற்கும் அந்தத் திருடனை நான் கற்பனையில் பிடித்திருக்க முடியுமா?

கேள்வி: எல்லாருக்கும் ஒரே கறுப்பு முகமூடி, ஒரே கோடு போட்ட பனியன் வரையலாமா?

பதில்: தாராளமாக. டிஸ்னி சித்திரக்கதைகளுக்காகக் கார்ல் பார்க்ஸ் 1951-இல் உருவாக்கிய பீகிள் பாய்ஸ் என்ற திருட்டுக் கும்பலை, நெஞ்சில் தொங்கும் கைதி எண்ணை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். அங்கே வேடிக்கையே அதுதான். உங்களுக்கு ஆள் வித்தியாசம் வேண்டுமென்றால், நால்வரையும் நிழலாக மட்டும் கறுப்பு மையில் நிரப்பிப் பாருங்கள். சுவரேறும் நிழலில் யார் யாரென்று தெரியவில்லையா? பனியனை விட்டுவிட்டு உடம்பை மாற்றுங்கள்.

கேள்வி: கடைசியில் திருடர்கள் மாட்டிக்கொண்டே ஆக வேண்டுமா?

பதில்: மாட்டட்டும். ஆனால் சிறைக்குள் போன பிறகும் இரண்டு கட்டம் மிச்சம் வையுங்கள். பூட்டுக்காரன் சிறைப் பூட்டைக் குறை சொல்லும் இடம் எனக்கு வேண்டும்.