ஆளி விதை ஜெல் போட்டால் முகம் இழுக்கிறதே, ஏன்?

கேள்வி: வயது 27. ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி ஒன்றில் பசை ஒட்டும் பிரிவில் வேலை. முகம் வறண்டு, கன்னத்தில் மங்கு இருக்கிறது. பத்து நாளாக ஆளி விதை ஜெல்லில் எலுமிச்சைச் சாறு கலந்து போடுகிறேன். காய்ந்ததும் முகம் இழுக்கிறது, மூக்கோரம் தோல் உரிகிறது. ஜெல்லும் மூன்றாம் நாளே புளித்துவிடுகிறது. என்ன தவறு?

பதில்: முதலில் எலுமிச்சையை நிறுத்துங்கள். அதன் புளிப்பு வறண்ட தோலை எரிக்கும். சாறு ஒட்டியிருக்கும் இடத்தில் வெயில் பட்டால் கொப்புளம் வந்து, ஆறிய பிறகும் கருப்பாகத் தங்கிவிடலாம். மங்குக்காகப் போட்டதே மங்கைக் கூட்டிவிடும்.

ஆளி விதையின் மேல்தோலில் உள்ள கோந்துதான் வெந்நீரில் கரைந்து ஜெல்லாகிறது. அது தண்ணீரைப் பிடித்துவைக்கும், தோல்மேல் மெல்லிய படலமாகப் படியும். அவ்வளவுதான் அதன் வேலை. நம் ஊர் வெயிலிலும் மின்விசிறிக் காற்றிலும் அந்தப் படலம் சீக்கிரம் காய்ந்து சுருங்குகிறது, கூடவே தோலையும் இழுக்கிறது. அதை உரித்தெடுத்தால் வறண்ட செதிலும் சேர்ந்து வரும். மூக்கோரம் உரிவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

செய்முறையைச் சொல்கிறேன். முழு விதை 2 மேசைக்கரண்டி, தண்ணீர் 250 மி.லி. போர் தண்ணீர் வேண்டாம், குடிக்கிற தண்ணீரே எடுங்கள். சிறு தீயில் அடிப்பிடிக்காமல் கிளறுங்கள். ஆறேழு நிமிடத்தில் வெண்ணுரை கட்டும். கரண்டியைத் தூக்கினால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூலாக இறங்கும். அந்த நொடியே அடுப்பை அணைத்துவிடுங்கள். இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் விதையோடு பிசினாக ஒட்டிக்கொள்ளும், வடிகட்டவே முடியாது. அப்படி ஆகிவிட்டால் கொஞ்சம் வெந்நீர் விட்டுத் தளர்த்துங்கள். சூடாக இருக்கும்போதே கண் பெரிய வடிகட்டியில் வடித்துவிட வேண்டும், ஆறினால் இறங்காது. விதையைப் பொடித்துப் போட்டால் கூழாகிவிடும்.

இதில் கெடாமல் காக்கும் மருந்து எதுவும் இல்லை. வெளியில் வைத்தால் ஒரே நாளில் கிருமி வளரும். வெந்நீரில் கழுவித் துடைத்த கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் ஐந்து நாள் வரை வைத்துக்கொள்ளலாம். விரலை உள்ளே விடாமல் ஸ்பூனால் எடுங்கள். ஐஸ் டிரேயில் உறையவைத்து, தினம் ஒரு கட்டியைக் கிண்ணத்தில் உருகவிட்டுப் போடுவது இன்னும் நல்லது. புளித்த வாடையோ, நீர்த்துப்போன பதமோ தெரிந்தால் அப்படியே கொட்டிவிடுங்கள்.

உரிவது முழுதும் ஆறும்வரை ஜெல்லே வேண்டாம். ஆறிய பிறகு முழங்கையின் உட்பக்கம் சிறிது தடவி, 48 மணி நேரம் பாருங்கள். அரிப்பு, சிவப்பு இல்லையென்றால், கழுவிய ஈரம் காயுமுன் முகத்தில் மெல்லியதாகப் பூசுங்கள். பத்து நிமிடம் போதும், முழுதாகக் காயவிடாதீர்கள். தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கழுவி, உடனே வாசனையில்லாத மாய்ச்சரைசர் போடுங்கள். ஈரத்தை உள்ளேயே நிறுத்துவது அந்தக் கடைசிப் பூச்சுதான், அதை விட்டால் பட்ட பாடெல்லாம் வீண். வாரம் மூன்று முறைக்கு மேல் தேவையில்லை.

மங்கு இதனால் போகாது. அதற்கு எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேலான சன்ஸ்கிரீனைத் தினமும் போட வேண்டும். தோல் டாக்டர் பார்த்துத் தரும் களிம்பும் தேவைப்படும்.

உங்கள் வேலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஷூ பசையில் சேர்க்கும் சில பிசின்கள் தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனவை. பசை பட்ட கையால் முகத்தைத் தொட்டாலே போதும். விடுமுறை நாளில் குறைந்து, வேலை நாளில் கூடினால் பசையைத்தான் சந்தேகிக்க வேண்டும். இமை வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ தள்ளிப்போடாமல் வேலூர் அடுக்கம்பாறையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். பசை டின்னின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனால், எதற்கு ஒவ்வாமை என்று சோதித்துப் பார்க்க அவர்களுக்கு வசதியாக இருக்கும்.