நாயின் ஆக்சிஜனை விரல் கருவியால் அளக்கலாமா?

கேள்வி: எங்கள் 11 வயது பொமரேனியனுக்கு இதய வால்வில் கசிவு இருப்பதால் மாத்திரை கொடுத்துவருகிறோம். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை அதன் காதில் மாட்டினால் ஒரு முறை 84 என்றும் அடுத்த நிமிடமே 97 என்றும் காட்டுகிறது. நாய் வழக்கம்போலத்தான் இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையுமே நம்ப வேண்டாம். தோலின் ஒரு பக்கம் ஒளியைச் செலுத்தி, மறுபக்கம் வந்துசேரும் ஒளி ஒவ்வொரு துடிப்புக்கும் எப்படி மாறுகிறது என்று கணக்கிடும் அந்தக் கருவி, மனித விரலின் பருமனுக்காக அமைக்கப்பட்டது. நாயின் காதோ மெல்லியது; ரோமம் மூடியது; பல நாய்களுக்குத் தோலும் கறுத்திருக்கும், தலை ஓர் இடத்தில் நிற்காது. மயக்கத்தில் உள்ள நாய்க்கு நாங்கள் பெரும்பாலும் நாக்கில்தான் மாட்டுகிறோம். விழித்திருக்கும் நாய் அதற்கு இடம் கொடுக்காது. 95-க்கு மேல் இயல்பு, 90-க்குக் கீழ் ஆபத்து என்பது உண்மையே என்றாலும், கருவி காட்டும் நாடித்துடிப்பு நீங்கள் கையால் எண்ணியதோடு ஒத்துப்போகாவிட்டால், அது காட்டும் ஆக்சிஜன் அளவையும் ஒதுக்கிவிடுங்கள்.

நாடி பார்ப்பதற்குப் பின்னந்தொடையின் உட்புறம், இடுப்பை ஒட்டிய பகுதியில் இரண்டு விரல்களை மெல்ல வையுங்கள். அழுத்தினால் துடிப்பு மறைந்துவிடும். 15 விநாடிகள் எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். ஓய்வில் சிறிய நாய்களுக்கு ஏறத்தாழ 100 முதல் 140 வரையும் பெரிய நாய்களுக்கு 60 முதல் 100 வரையும் இருக்கும். மூச்சை இழுக்கும்போது துடிப்பு விரைந்து, விடும்போது தாமதிப்பது பல நாய்களுக்கு இயல்பானது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

ஆனால் உங்கள் நாய்க்கு இவ்விரண்டையும்விட முக்கியமானது, தூங்கும்போது அது விடும் மூச்சின் எண்ணிக்கை. வால்வுக் கசிவு முற்றி நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கும்போது, ஈறு நீலமாவதற்கு வெகு முன்பே இந்த எண்ணிக்கை ஏறிவிடும். விலா ஒரு முறை எழுந்து தாழ்வதை ஒரு மூச்சாகக் கொண்டு, 30 விநாடிகள் எண்ணி இரட்டிப்பாக்கித் தினமும் தேதியோடு குறித்துவையுங்கள். நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும்போதும், கனவில் கால்கள் துடிக்கும்போதும் எண்ணுவது பயன் தராது. பெரும்பாலான நாய்களுக்கு நிமிடத்துக்கு 30-க்குள் இருக்கும். வழக்கமாக 18 இருந்த நாய்க்கு 28 ஆவதையும் நான் பொருட்படுத்துவேன். 30-ஐத் தாண்டினால் சற்று நேரம் கழித்து மீண்டும் எண்ணுங்கள். குறையாவிட்டால் அன்றே மருத்துவரை அழையுங்கள். நீர் பிரிய வைக்கும் மாத்திரையை அவர் சொல்லாமல் கூட்டாதீர்கள்.

ஈறு நீலமாகவோ வெளிறியோ போனாலும், கழுத்தை நீட்டி முழங்கைகளை அகட்டி நின்றபடி படுக்க முடியாமல் வயிறு குலுங்க மூச்சு வாங்கினாலும், எதையும் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். வழியில் அதை வற்புறுத்திப் படுக்கவைக்கவோ, வாயில் தண்ணீர் புகட்டவோ வேண்டாம்.