ஸ்கேனில் தெரியாத நோய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தம்பி மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொள்கிறான். மருத்துவர் சொல்லி எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் குறை ஏதும் இல்லை என்று வந்தது. அன்று முதல் வீட்டுப் பெரியவர்கள், “மூளை நன்றாகத்தானே இருக்கிறது, எல்லாம் இவனாக வரவழைத்துக்கொண்டது” என்கிறார்கள். மூளையின் இயக்கத்தையே வண்ணத்தில் காட்டும் ஸ்கேன் எடுத்தால் நோய் தெரிந்துவிடும் என்கிறார் ஒரு நண்பர். எடுக்கலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மூளைக்கட்டியும் பக்கவாதமும் சில வகை மறதிநோய்களும் மனநோயின் சாயலில் தலைகாட்டுவதுண்டு என்பதால், அவை இல்லை என்று உறுதிசெய்துகொள்ளவே மனநல மருத்துவர்கள் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. கேட்கிறார்கள். உங்கள் தம்பிக்கு மனச்சோர்வு உண்டா இல்லையா என்பதைப் பற்றி அந்த அறிக்கை ஒன்றுமே சொல்லவில்லை.

மனநோய்க்கு மூளையில் தடயமே கிடையாது என்று இதற்குப் பொருளில்லை. 1976இல் மனநல மருத்துவர் ஈவ் ஜான்ஸ்டனும் அவருடைய சகாக்களும், நாட்பட்ட மனச்சிதைவு நோயாளிகளின் மூளையில் திரவம் நிறைந்த அறைகள் மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருப்பதை சி.டி. ஸ்கேனில் கண்டார்கள். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு, நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி சராசரியில் சற்றே சிறிதாக இருப்பதும் தெரிந்ததுதான். ஆனால் இவையெல்லாம் கூட்டத்தின் சராசரிகள். ஆண்களின் சராசரி உயரம் பெண்களுடையதைவிட அதிகம் என்பதற்காக, ஐந்தரை அடி என்ற அளவை மட்டும் வைத்து அது ஆணா பெண்ணா என்று சொல்லிவிட முடியுமா? ஹிப்போகாம்பஸில் காணும் வேறுபாடோ அதைவிடவும் மிகச் சிறியது.

வண்ணப் படங்களுக்கு வருகிறேன். மூளையின் இயக்கத்தைக் காட்டுவதாகச் சொல்லப்படும் எஃப்.எம்.ஆர்.ஐ. என்ற ஸ்கேன், நரம்பணுக்களின் வேலையை நேரடியாகப் பார்ப்பதில்லை. அவை வேலைசெய்த இடத்தில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு மாறுவதைத்தான் பதிவுசெய்கிறது. அந்த மாற்றம் உச்சத்தைத் தொடச் சுமார் ஐந்து விநாடி ஆகும். படத்தின் ஒரு புள்ளிக்குள் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் அடங்கும். சிவப்பும் மஞ்சளும் புள்ளியியல் கணக்கின்படி கணினி தீட்டுபவை. கணக்கில் கவனம் தப்பினால் என்ன ஆகும் என்று காட்ட, மூளை ஆய்வாளர் கிரெய்க் பென்னட்டின் குழு செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, அவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று சொல்லச் சொன்னது. மீனின் மூளையிலும் சில புள்ளிகள் ‘ஒளிர்ந்தன’. ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதிக்கும்போது தற்செயலாகச் சில தேறிவிடும்; அதற்கான திருத்தத்தைச் செய்ததும் ஒளி அணைந்துவிட்டது. 2009இல் அவர்கள் இதை வெளியிட்டபோது சிரிக்காதவர்கள் குறைவு. அதற்குப் பிறகு முறைகள் செம்மைப்பட்டிருக்கின்றன என்றாலும், 2020இல் ஒரே எஃப்.எம்.ஆர்.ஐ. தரவை 70 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தபோது, பல கேள்விகளுக்கு அவர்களின் முடிவுகள் ஒத்துப்போகவில்லை.

இவை ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டிய கருவிகள். எந்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை பொருந்தும் என்று முன்கூட்டிச் சொல்ல ஒருநாள் உதவலாம். ஆனால் ஒரு தனிமனிதருக்கு மனச்சோர்வு இருப்பதை உறுதிசெய்யும் ஸ்கேன் இன்று எதுவும் இல்லை. ஆகவே அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. தூக்கம், பசி, எதிலும் ஆர்வமின்மை, இவை எத்தனை வாரமாக நீடிக்கின்றன என்று உட்கார வைத்துக் கேட்பதே மருத்துவர் நோயை அறியும் வழி.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, அந்தப் பெரியவர்களில் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். அறிக்கையின் பொருளை மருத்துவரே அவரிடம் சொல்லட்டும். அதுவரை, வீட்டுப் பேச்சைக் கேட்டுத் தம்பி மருந்தைத் தானாக நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.