சாயம் அடிப்பதற்கு முன் கிராண்டைப் பாருங்கள்

கேள்வி: செந்தூலில் எங்களுக்கு இரட்டை மாடி வரிசை வீடு. 30 ஆண்டுகளுக்கு முன் நானும் கணவரும் இருவர் பெயரிலும் வாங்கினோம். வங்கிக் கடன் எப்போதோ முடிந்துவிட்டது. அவர் தவறி 2 ஆண்டுகள் ஆகின்றன, உயில் எழுதவில்லை. மாமியார் கொழுந்தன் வீட்டில் இருக்கிறார். பிள்ளைகள் இருவருக்கும் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறார்கள். எனக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. வீட்டை விற்றுவிட்டு ஜொகூர் பாருவில் மகளோடு இருக்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். குசினியை 50,000 வெள்ளி போட்டுப் புதுப்பித்தால் நல்ல விலை வரும் என்கிறான் மகன். சாயம் அடித்தால் போதும் என்கிறார் ஏஜென்ட். சாமி மேடையை எடுத்தால்தான் மற்ற இனத்தவரும் வாங்க வருவார்கள் என்றும் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, செந்தூல்

பதில்: அம்மா, குசினிக்கும் சாயத்துக்கும் பிறகு வருகிறேன். உயில் இல்லை, கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், இருவர் பெயரும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசிவிடுவோம். கணவர் போனபின் வீடு முழுக்க மனைவிக்குத்தான் என்று நம்மில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறோம். நம் மலேசிய நிலச் சட்டப்படி அப்படி இல்லை. கிராண்டில் ஆளுக்குப் பாதி என்று இருந்தால், அவருடைய பாதி இன்னும் அவர் பெயரில்தான் நிற்கிறது. அந்தப் பாதியை 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பிரிக்கும்: மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு, உயிரோடு இருக்கும் பெற்றோருக்குக் கால் பங்கு. முழு வீட்டையும் எட்டாகப் பிரித்தால் உங்களுக்கு 5, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 1, மாமியாருக்கு 1.

ஆம், மாமியாருக்கும் பங்கு உண்டு. இதை வேறு யாரோ போய்ச் சொல்லி அவர் தெரிந்துகொள்வதைவிட, நீங்களே கொழுந்தன் வீட்டுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். அவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அதை முறைப்படி எழுதிப் பதிவு செய்ய வழி இருக்கிறது. பங்கு வேண்டும் என்றால் அது அவர் உரிமை, மனக்கசப்பு வேண்டாம். மகனைப் பறிகொடுத்த தாய் அவர்.

உயில் இல்லாத வீடு, நிலத்துக்குச் சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவில் மனு செய்யலாம். ‘பூசாக்கா கெச்சில்’ என்று கேட்டால் சொல்வார்கள். அந்த வழி உங்களுக்குப் பொருந்தாவிட்டால் வழக்கறிஞர் மூலம் உயர்நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். எதுவானாலும் மாதக்கணக்கில் ஆகும், அதனால் இன்றே தொடங்குங்கள். இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மாமியாரின் அடையாள அட்டை நகல், கிராண்ட், இவ்வளவையும் ஒரே ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள். கடன் முடிந்தது என்கிறீர்கள், நல்லது. ஆனால் கிராண்டில் வங்கியின் அடமானப் பதிவு நீக்கப்பட்டதா? அடமானத்தை நீக்கும் 16என் பாரம் பதிவானதா என்று நில அலுவலகத்தில் ஒரு தேடல் செய்தால் தெரிந்துவிடும்.

இனி குசினி. வேண்டாம். 50,000 வெள்ளி போட்டால் விலை 50,000 வெள்ளி ஏறும் என்று எந்தக் கணக்கும் இல்லை. வாங்குபவர் பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் வருவார், முதல் வீடென்றால் 90 விழுக்காடு வரை கேட்பார். அந்தக் கடன் வங்கியின் மதிப்பீட்டாளர் போடும் தொகையைப் பொறுத்தது. அவர் உங்கள் புது கேபினெட்டின் பளபளப்பைப் பார்த்துத் தொகையைக் கூட்ட மாட்டார். பக்கத்து வீடுகள் என்ன விலைக்குப் போயின என்று பார்ப்பார். குசினியைப் பின்னால் இழுத்துக் கட்டியிருந்தால், அதற்குக் கோலாலம்பூர் மாநகர மன்றமான டிபிகேஎல்லிடம் அனுமதி வாங்கிய கடிதம் இருக்கிறதா என்று தேடி எடுங்கள். அனுமதி இல்லாத கட்டடத்தை மதிப்பில் சேர்க்காமல் விடுவதுண்டு. அப்போது குறைகிற தொகையை வாங்குபவர் கையிலிருந்து போட வேண்டும். விற்பனை அங்கேயே முறிந்துபோகும்.

காசைச் செலவழிக்க வேண்டிய இடம் வாங்குபவர் பயப்படும் இடம்தான். சாயங்காலம் நல்ல மழை பெய்யும்போது ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். பழைய கூரையும் நீட்டிக் கட்டிய குசினிக் கூரையும் சேரும் இடத்தில்தான் முதலில் ஒழுகும். மாடிக் குளியலறைக்குக் கீழே சிலிங்கில் மஞ்சள் வட்டம் இருந்தால் அதன்மேல் சாயம் அடித்து மறைக்காதீர்கள். மேலே கசிவை அடைத்து, காய்ந்த பிறகு அடியுங்கள். மறைத்த கறை இரண்டே மழையில் திரும்பி வரும். அப்புறம் இந்த வீட்டில் இன்னும் என்னவெல்லாம் மறைத்தார்களோ என்று வந்தவர் யோசிப்பார். மரக் கதவுச் சட்டங்களை விரலால் தட்டிப் பாருங்கள். உள்ளே வெறுமையாகச் சத்தம் கேட்டால் கரையான். மருந்து அடிப்பவரை உடனே கூப்பிட்டு, அவர் தரும் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஒயரிங்கையும் உரிமம் உள்ளவரைக் கொண்டு ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இவை முடிந்தபின் வெளிர் நிறச் சாயம், கேட்டில் துரு சுரண்டல், குளியலறை மோசைக் இடுக்குகளைத் தேய்த்துக் கழுவல். இதில் ஏஜென்ட் சொன்னது சரி. ஸ்டோர் அறையில் அடைத்து வைத்த சாமான்களை பழைய பேப்பர், சாமான் எடுக்கும் ‘சூராட் காபார் லாமா’ லாரி வரும்போது கொடுத்துவிடுங்கள். அறை காலியாக இருந்தால்தான் அதன் அளவு தெரியும். கணவரின் பொருள்களை மட்டும் அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம். மகளை வரச் சொல்லி இருவருமாக எடுத்து வையுங்கள்.

சாமி மேடையைப் பற்றி என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். விற்கும் வரை அது இருக்கட்டும். நீங்கள் இன்னும் அந்த வீட்டில் வாழ்கிறீர்கள்; காலையில் விளக்கேற்ற இடம் வேண்டும். வீடு பார்க்க வருபவர் எந்த இனத்தவராக இருந்தாலும் மேடை பெயர்த்து எடுக்கக் கூடியது என்று அவருக்குத் தெரியும். அவர் முகம் சுளிப்பது சுவரில் படிந்த எண்ணெய்க்கும் சிலிங்கில் ஏறிய புகைக்கும்தான். அதைத் துடைத்து, ஊதுவத்திச் சாம்பலை அள்ளிவிடுங்கள். போகும்போது படங்களை மரத்தடியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள் அம்மா. நம் ஊரில் மரத்தடிகளில் மழையில் நனைந்து கிடக்கும் சாமிப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. கொண்டுபோக முடியாததை எங்கே சேர்ப்பது என்று கோயிலில் கேளுங்கள்.

ஏஜென்டிடம் ஆர்.இ.என். எண்ணை, அதாவது அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு, சொத்து ஏஜென்டுகளைப் பதிவு செய்யும் வாரியத்தின் இணையப் பதிவில் சரிபாருங்கள். கமிஷன் 3 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, சேவை வரி தனி. விற்பனை லாபத்துக்கான சொத்து ஆதாய வரி, குடிமக்களுக்கு வாங்கிய 6ஆம் ஆண்டிலிருந்து இல்லை. ஆனால் கணவரின் பங்குக்கு எந்தத் தேதியிலிருந்து ஆண்டு எண்ணுவது என்பதை வழக்கறிஞர் தனியாகப் பார்த்துச் சொல்லட்டும். சொந்தக் குடியிருப்புக்கு வாழ்நாளில் ஒரு முறை கிடைக்கும் விலக்கு உங்களுக்கு வருமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். பங்கீட்டு உத்தரவு கைக்கு வரும் வரை யார் அவசரப்படுத்தினாலும் புக்கிங் பணம் வாங்காதீர்கள். வந்தபின்னும் அந்தப் பணம் ஏஜென்டின் சொந்தக் கணக்குக்குப் போகக் கூடாது. அவர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கிலோ உங்கள் வழக்கறிஞரிடமோதான் இருக்க வேண்டும்.